கட்டளைவரியின் கதை – 11: டேப் விசைக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள்

லினக்ஸ் கணினியில் முனையத்தைத் திறந்து, பாஷ் ஷெல்லில் ஒரு கோப்பின் பெயரைப் பாதி அடித்துவிட்டு டேப் விசையைத் தட்டினால் மீதிப் பெயர் வந்து நிற்கும். இது கட்டளைவரியைத் தொட்ட எல்லோருக்கும் தெரியும். அதே இடத்தில் டேப்பை விட்டுவிட்டு எஸ்கேப் விசையை அடுத்தடுத்து இரண்டு முறை தட்டிப் பாருங்கள். அதுவும் அதே வேலையைச் செய்யும். பாஷ் வைத்திருக்கும் விசைப் பட்டியலில் இரண்டுமே ஒரே செயலுக்குத்தான் கட்டப்பட்டிருக்கின்றன. பாதிச் சொல்லை முடித்துக் கொடுக்கும் வேலை முதலில் எஸ்கேப்பிடம்தான் இருந்தது. டேப் பின்னால் வந்து அந்த இடத்தைப் பிடித்தது.

சென்ற பகுதியில் ஸ்டீவ் போர்னின் ஷெல்லையும் பில் ஜாயின் சி ஷெல்லையும் பார்த்தோம். இந்தப் பகுதிக்கு யூனிக்ஸிலிருந்து கொஞ்சம் விலகிப் போக வேண்டும். ஏனென்றால், இன்று யூனிக்ஸின் சொத்துபோலத் தோன்றும் இந்த வசதி யூனிக்ஸில் பிறந்ததே அல்ல. வேறொரு இடத்தில் முழுமையாக வளர்ந்த ஒன்றை யூனிக்ஸ் உலகம் துண்டு துண்டாக, வெளியிலிருந்து, கால் நூற்றாண்டுக்கு மேல் உழைத்துத் திரும்பக் கட்டியது. உங்கள் கணினியில் டேப் வசதியை அமைக்க ஏன் ஒரு தனிப் பொதி, தனி அடைவு, ஷெல்லின் தொடக்கக் கோப்பில் தனி வரிகள் எல்லாம் தேவைப்படுகின்றன என்ற கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது.

1960-களின் நடுவில் பெர்க்லியில் இருந்த கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் 'ப்ராஜெக்ட் ஜீனி' என்றொரு குழு இயங்கியது. பட்லர் லாம்ப்சன், பீட்டர் டாய்ச் முதலியோர் அதில் இருந்தார்கள். எஸ்டிஎஸ் 930 என்ற கணினியை மாற்றியமைத்து, ஒரே நேரத்தில் பலர் பயன்படுத்தும்படி செய்தார்கள். அந்த வடிவத்தைத் தயாரிப்பு நிறுவனமே பின்னர் எஸ்டிஎஸ் 940 என்ற பெயரில் விற்றது.

அந்தக் காலத்துப் பயனர் திரையின் முன் உட்காரவில்லை, டெலிடைப் எந்திரத்தின் முன் உட்கார்ந்தார். பரவலாக இருந்த டெலிடைப் 33 நொடிக்கு 10 எழுத்துதான் அச்சிடும். அதன் விசைகள் கனமானவை, ஒவ்வோர் எழுத்தையும் விரலால் அமுக்கி இறக்க வேண்டும். இந்த நிலையில் கட்டளைகளுக்கு எப்படிப் பெயர் வைப்பது? முழுச் சொல்லாக வைத்தால் புதியவருக்கும் புரியும், தாளில் பின்னால் படிக்கும்போதும் விளங்கும், ஆனால் விரல் நோகும். இரண்டு மூன்று எழுத்தாகச் சுருக்கினால் விரலுக்குச் சுகம், நினைவுக்குச் சுமை.

பெர்க்லி குழு இரண்டையும் சேர்த்துப் பிடிக்கப் பார்த்தது. கட்டளை முழுச் சொல். ஆனால் பயனர் முதல் சில எழுத்துகளை அடித்ததும், அந்த எழுத்துகளில் தொடங்கும் கட்டளை ஒன்றே ஒன்றுதான் என்று தெரிந்த நொடியில், எந்திரமே மீதியை அச்சிட்டுவிடும். யாரும் கேட்க வேண்டியதில்லை.

நல்ல யோசனைதான். ஆனால் வேகமாக அடிப்பவருடைய கை எந்திரத்துக்காகக் காத்திருக்காது. மூன்றாவது எழுத்திலேயே எந்திரம் சொல்லை முடித்துவிட்டிருக்க, அவர் அடித்த நான்காவது, ஐந்தாவது எழுத்துகள் அடுத்த சொல்லின் தலையில் போய் விழும். எந்தக் கட்டளைக்கு எத்தனை எழுத்து போதும் என்பதைப் பயனர் மனப்பாடம் செய்ய வேண்டும். புதிதாக ஒரு கட்டளையைச் சேர்த்தால் பழைய மனப்பாடமும் பொய்த்துவிடும்.

இதைக் கவனித்தவர்கள் நாட்டின் மறுகரையில் இருந்தார்கள். மாசசூசெட்ஸ் மாநிலம் கேம்பிரிட்ஜ் நகரில் இயங்கிய போல்ட் பெரானெக் அண்ட் நியூமன் நிறுவனம், அர்ப்பாநெட் வலையமைப்பின் முதல் கணுக்களைக் கட்டிய அதே நிறுவனம். டெக் நிறுவனத்தின் பிடிபி-10 கணினியை வாங்கி, நினைவகத்தைப் பக்கம் பக்கமாகப் பிரித்தாளும் வன்பொருளைத் தாங்களே கட்டிச் சேர்த்து, அதன்மேல் ஓர் இயங்குதளத்தை எழுதினார்கள். அதுதான் டெனெக்ஸ். 1969-ல் தொடங்கிய வேலை 1970-ல் பயன்பாட்டுக்கு வந்தது. 1972-ல் அதைப் பற்றிய கட்டுரையில் கையெழுத்திட்டவர்கள் நால்வர்: டேனியல் பாப்ரோ, ஜெர்ரி பர்ச்ஃபீல், டேனியல் மர்ஃபி, ரே டாம்லின்சன். டாம்லின்சனை நமக்கு வேறு விதத்தில் தெரியும். 1971-ல் ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்கு மின்னஞ்சல் அனுப்பி, முகவரியில் 'அட்' குறியை வைத்தவர் அவர். அந்த அஞ்சல் ஓடியதும் டெனெக்ஸ் மேல்தான்.

டெனெக்ஸ் குழு பெர்க்லியின் யோசனையை எடுத்துக்கொண்டு ஒரே ஒரு மாற்றம் செய்தது. எந்திரம் தானாக முந்திக்கொள்ளக் கூடாது. பயனர் எஸ்கேப் விசையை அழுத்திக் கேட்டால் மட்டும் சொல்லை முடிக்க வேண்டும். கேட்காதவரை அமைதியாக இருக்க வேண்டும். முழுச் சொல்லையும் தானே அடிக்க விரும்புபவர் அடித்துக்கொள்ளலாம், அவருக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. பாதியில் எஸ்கேப் அழுத்தியவருக்கு மீதி வரும். ஒன்றுக்கு மேற்பட்ட சொற்கள் பொருந்தினால் மணி மட்டும் அடிக்கும், இன்னும் ஓரிரு எழுத்து அடித்துவிட்டு மறுபடி கேட்கலாம்.

கணினியும் மனிதரும் பேசிக்கொள்ளும் முறையில் எடுக்கப்பட்ட மிகச் சரியான முடிவுகளில் ஒன்றாக இதை நான் கருதுகிறேன். 50 ஆண்டுகளுக்குப் பிறகும் நாம் டேப் விசையை நம்பிப் பயன்படுத்துவதற்குக் காரணம் அது கேட்கும்போது மட்டும் பேசுகிறது என்பதுதான். கேட்காமல் சொல்லை மாற்றும் வசதிகளோடு நாள் முழுதும் மல்லுக்கட்டும் கைப்பேசிக் காலத்தில் இதன் அருமை கூடுதலாகத் தெரிகிறது.

டெனெக்ஸ் இன்னும் இரண்டு செய்தது. எஸ்கேப் அழுத்தியதும் கட்டளைச் சொல்லோடு, அடுத்து என்ன எழுத வேண்டும் என்ற குறிப்பும் அடைப்புக்குறிக்குள் வரும். நகலெடுக்கும் கட்டளையின் பாதியை அடித்துக் கேட்டால் முழுச் சொல் வந்து, பக்கத்தில் 'இதிலிருந்து' என்ற பொருளில் ஒரு குறிப்பு நிற்கும். முதல் கோப்பின் பெயரைக் கொடுத்து மறுபடி கேட்டால் 'இதற்கு' என்ற குறிப்பு வரும். எந்தக் கோப்பிலிருந்து எந்தக் கோப்புக்கு என்று குழம்ப வழியே இல்லை. இரண்டாவது, எந்த இடத்திலும் கேள்விக்குறியை அழுத்தினால் அந்த இடத்தில் என்னென்ன எழுதலாம் என்ற பட்டியல் வரும். கையேட்டைத் தேடி எழுந்து போக வேண்டியதில்லை.

1976-ல் டெக் நிறுவனம் டெனெக்ஸை அடிப்படையாகக் கொண்டு டாப்ஸ்-20 இயங்குதளத்தை வெளியிட்டது. டேனியல் மர்ஃபியும் அதற்குள் அங்கே போய்ச் சேர்ந்திருந்தார். டெனெக்ஸில் சொல்லை முடிக்கும் திறமை பெரும்பாலும் கட்டளை வாசிக்கும் நிரலுக்குள் இருந்தது. டாப்ஸ்-20 அதை இயங்குதளத்தின் மையத்துக்கே எடுத்துச் சென்று, 'காம்ண்ட்' என்ற ஒரு சிஸ்டம் காலாக ஆக்கியது. எந்த நிரலாளரும் தன் நிரலிலிருந்து அதை அழைத்து, 'அடுத்து வர வேண்டியது இந்தப் பட்டியலில் உள்ள ஒரு சொல்', 'அடுத்து ஒரு எண்', 'அடுத்து இருக்கும் கோப்பு ஒன்றின் பெயர்' என்று சொன்னால் போதும். எஸ்கேப், கேள்விக்குறி, குறிப்புச் சொல், பிழைச் செய்தி எல்லாவற்றையும் இயங்குதளமே பார்த்துக்கொள்ளும். அஞ்சல் நிரலாக இருந்தாலும் சரி, மாணவர் எழுதிய சின்னக் கணக்கு நிரலாக இருந்தாலும் சரி, எல்லாவற்றுக்கும் ஒரே பழக்கம்.

இதில் முக்கியமானது, நிரலே தன் இலக்கணத்தை இயங்குதளத்திடம் ஒப்படைத்தது என்பது. தனக்கு என்ன வேண்டும் என்று நிரலுக்குத்தான் நன்றாகத் தெரியும். அது சொல்கிறது, இயங்குதளம் கேட்டுக்கொண்டு பயனருக்கு உதவுகிறது. இந்த ஏற்பாட்டை நினைவில் வைத்துக்கொண்டு யூனிக்ஸுக்கு வருவோம்.

கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிச்சியும் 1969-ல் பெல் ஆய்வகத்தில் தொடங்கிய யூனிக்ஸும் அதே டெலிடைப் எந்திரங்களின் முன்தான் பிறந்தது. விரல் வலிக்கு அவர்கள் கண்ட மருந்து வேறு. பெயரையே சுருக்கிவிட்டார்கள். நகலுக்கு 'சிபி', இடம் மாற்ற 'எம்வி', பட்டியலுக்கு 'எல்எஸ்'. இரண்டு எழுத்துச் சொல்லை முடித்துக் கொடுக்க யாரும் வேண்டாம்.

ஷெல்லை அவர்கள் கட்டிய விதம் இன்னும் முக்கியமானது. யூனிக்ஸில் ஷெல் ஒரு சாதாரண நிரல். பயனர் அடித்த வரியைச் சொற்களாகப் பிரித்து, முதல் சொல்லின் பெயரில் உள்ள நிரலைத் தேடிப் பிடித்து, மீதிச் சொற்களை அதன் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடும். அந்தச் சொற்களுக்கு என்ன பொருள், எது விருப்பத்தேர்வு, எது கோப்பு, எது ஊர்ப்பெயர் என்று ஷெல்லுக்குத் தெரியாது. தெரிய வேண்டியதில்லை என்பதுதான் வடிவமைப்பு. இந்த அறியாமைதான் யூனிக்ஸின் பெரும்பலம். யார் வேண்டுமானாலும் ஒரு நிரலை எழுதி அடைவில் போட்டால் அது கட்டளையாகிவிடும், ஷெல்லை யாரும் தொட வேண்டியதில்லை. அதற்குக் கொடுத்த விலை, வரியின் நடுவில் பயனர் திகைத்து நிற்கும்போது ஷெல்லால் உதவ முடியாது என்பது.

இன்னொரு தடையும் இருந்தது. அன்றைய யூனிக்ஸில் பயனர் அடிக்கும் எழுத்துகளை, இயங்குதளத்தின் மையமான கெர்னலில் உள்ள முனைய இயக்கிதான் சேர்த்து வைக்கும். அழித்துத் திருத்துவதையும் அதுவே பார்த்துக்கொள்ளும். என்டர் தட்டிய பிறகுதான் முழு வரியும் ஷெல்லுக்கு வரும். பாதி வரியில் பயனர் என்ன அடித்தார் என்றே ஷெல்லுக்குத் தெரியாதபோது அதை எப்படி முடித்துக் கொடுப்பது?

இங்கேதான் கென் கிரீர் வருகிறார். கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, 1975 செப்டம்பரில், டெனெக்ஸ் பாணியில் கோப்புப் பெயரை முடிக்கும் நிரல்வரிகளை எழுதத் தொடங்கினார். அதைச் சி ஷெல்லுக்குள் இணைத்து முடித்தது 1981 டிசம்பரில். 1983 அக்டோபரில் மூலநிரலை யூஸ்நெட்டில் எல்லோருக்கும் பொதுவாக வெளியிட்டார். அதற்கு ஒரு மாதம் முன்பு, ஃபேர்சைல்ட் ஆய்வகத்தில் இருந்த மைக் எல்லிஸ், கோப்புப் பெயர் மட்டுமின்றிக் கட்டளைப் பெயரையும் முடிக்கும்படி விரித்திருந்தார். இந்த ஷெல்தான் டிசிஷெல். தலையில் இருக்கும் அந்த 'டி', டெனெக்ஸ் என்ற பெயரின் முதல் எழுத்து. எங்கிருந்து எடுத்தோம் என்பதைப் பெயரிலேயே பொறித்து வைத்த நேர்மை அது.

இந்த வழிவந்த நிரல்வரிகளை 4.3 பிஎஸ்டி யூனிக்ஸின் சி ஷெல்லிலும் பார்க்கலாம். அங்கே 'ஃபைல்சி' என்ற மாறியை அமைத்தால் எஸ்கேப் சொல்லை முடிக்கும், கன்ட்ரோல்-டி பொருந்தும் பெயர்களின் பட்டியலைக் காட்டும். வரி முடியும் முன்பே ஷெல் எப்படி விழித்துக்கொண்டது? அந்த நுட்பத்தைப் பாராட்டாமல் கடக்க முடியவில்லை. முனைய இயக்கியிடம், 'என்டர் மட்டுமல்ல, எஸ்கேப் வந்தாலும் வரி முடிந்ததாக வைத்துக்கொள்' என்று ஷெல் சொல்லி வைக்கும். பயனர் எஸ்கேப் தட்டியதும் பாதி வரி ஷெல்லின் கைக்கு வந்துவிடும். ஷெல் அடைவைப் படித்து மீதி எழுத்துகளைக் கண்டுபிடிக்கும். பிறகு, பயனரே விசைப்பலகையில் அடித்ததாகக் கெர்னல் நம்பும்படி, அந்த வரியை எழுத்தெழுத்தாக முனையத்தின் உள்ளீட்டுக்குள் திருப்பித் தள்ளும். பயனர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து அடிக்கலாம், அழிக்கலாம், எல்லாம் அவரே அடித்ததுபோல் இருக்கும்.

அடிக்காத எழுத்தை அடித்ததாகக் காட்டும் இந்தக் கெர்னல் வசதிக்கு 'டிஐஓசிஎஸ்டிஐ' என்று பெயர். அதை வைத்து ஒரு கெட்ட நிரல் இன்னொருவர் முனையத்தில் கட்டளைகளைப் புகுத்தலாம் என்பது பின்னால் பெரிய பாதுகாப்புக் கவலையாகியது. 2017-ல் ஓப்பன்பிஎஸ்டி அதை அடியோடு நீக்கியது. 2023-ல் வந்த லினக்ஸ் 6.2 கெர்னல் அதை அணைத்து வைக்க வழி செய்தது. அதற்குள் ஷெல்கள் வேறு வழிக்கு மாறிப் பல காலம் ஆகியிருந்தது. முனைய இயக்கியை எழுத்துக்கு எழுத்து அனுப்பச் சொல்லிவிட்டு, வரியைத் திருத்தும் வேலை முழுவதையும் ஷெல்லே எடுத்துக்கொண்டது. டிசிஷெல்லில் அந்தப் பெரும்பணியைச் செய்தவர் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் பால் பிளேஸ்வே.

வரித் திருத்தம் ஷெல்லுக்குள் வந்ததும் எஸ்கேப்புக்குச் சிக்கல் வந்தது. 1978-ல் வெளிவந்த விடி100 முனையமும் அதன் வழிவந்தவையும் அம்புக்குறி விசையை அழுத்தினால் எஸ்கேப்பில் தொடங்கும் எழுத்துத் தொடர் ஒன்றை அனுப்பும். ஈமேக்ஸ் என்ற உரைத்திருத்தியின் பாணியில் வரியைத் திருத்தும்போது மெட்டா விசை இல்லாதவர்களுக்கு எஸ்கேப்தான் முன்னொட்டு. விஐ என்ற இன்னொரு உரைத்திருத்தியின் பாணியில் எழுதும் நிலையிலிருந்து கட்டளை நிலைக்கு மாறுவதும் எஸ்கேப்பால். ஒரே விசைக்கு இத்தனை பொருள் வந்த பிறகு, சொல்லை முடிக்கும் வேலையை வேறொன்றிடம் கொடுப்பதே வசதியாக இருந்தது. கட்டளைவரியில் யாருக்கும் பெரிதாகப் பயன்படாமல், விரலுக்கு எட்டும் தூரத்தில் இருந்தது டேப். பெல் ஆய்வகத்தில் டேவிட் கார்ன் எழுதிய கார்ன் ஷெல் மட்டும் எஸ்கேப்பை விடவில்லை. அதன் ஈமேக்ஸ் பாணியில் எஸ்கேப்பை இரண்டு முறை தட்டினால் பெயர் முடியும். முன்னொட்டாகிவிட்ட விசையை அதன்மேலேயே ஒருமுறை தட்டி அழைப்பது. நம் பாஷிலும் இன்றுவரை வேலை செய்வது இதே வழக்கம்தான்.

பாஷின் கதைக்கு வருவோம். குனு திட்டத்துக்குச் சுதந்திரமான ஷெல் ஒன்று தேவைப்பட்டது. பிரையன் ஃபாக்ஸ் 1988 ஜனவரி 10-ம் தேதி அதை எழுதத் தொடங்கினார். 1989 ஜூன் 8-ல் 0.99 என்ற சோதனைப் பதிப்பு வெளிவந்தது. பின்னர் பொறுப்பேற்ற கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தின் செட் ரேமி இன்றுவரை அதைப் பராமரித்து வருகிறார்.

வரியைத் திருத்துவது, பழைய கட்டளைகளை அழைப்பது, டேப் தட்டினால் சொல்லை முடிப்பது ஆகிய மூன்றையும் பாஷுக்குள்ளேயே புதைக்காமல், 'ரீட்லைன்' என்ற தனி நூலகமாகப் பிரித்து வைத்தார்கள். எந்த நிரலும் அதை இணைத்துக்கொண்டால் அதே விசைகள், அதே பழக்கம் கிடைத்துவிடும். டாப்ஸ்-20 கெர்னலில் வைத்ததை, இவர்கள் நூலகத்தில் வைத்தார்கள். (கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் 1981-ல் ஃபிராங்க் டா க்ரூஸும் பில் காட்சிங்ஸும் உருவாக்கிய கெர்மிட் கோப்புப் பரிமாற்ற நிரலும் டாப்ஸ்-20 வசதி யூனிக்ஸில் இல்லையே என்ற ஏக்கத்தைத் தன்னளவில் தீர்த்துக்கொண்டது. அதன் யூனிக்ஸ் வடிவத்துக்காகக் காம்ண்டின் நடத்தையைச் சி மொழியில் புதிதாக எழுதினார்கள். கேள்விக்குறி தட்டினால் பட்டியல், எஸ்கேப் தட்டினால் நிறைவு.)

ரீட்லைன் குனு திட்டத்தின் ஜிபிஎல் உரிமத்தில் வந்தது. அதை இணைக்கும் நிரலும் அதே உரிமத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்பது குனு திட்டத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மனின் உறுதியான நிலை. 1992-ல் புருனோ ஹைபிள் தன் சிலிஸ்ப் மொழிச் செயலியை ரீட்லைனோடு சேர்த்து வெளியிட்டபோது இருவருக்கும் இடையே நீண்ட கடித விவாதம் நடந்தது. முடிவில் சிலிஸ்ப் ஜிபிஎல் உரிமத்துக்கு மாறியது. வரியில் எழுத்தை முடித்துக் கொடுக்கும் ஒரு சின்ன நூலகம் ஒரு பெரிய நிரலின் உரிமத்தையே மாற்றும் அளவுக்கு வேண்டியதாக இருந்தது.

ரீட்லைனில் ஒரே பெயர் பொருந்தினால் டேப் அதை முடித்துவிடும். பல பெயர்கள் பொருந்தினால் எல்லாவற்றுக்கும் பொதுவான பகுதிவரை போய் நின்று மணியடிக்கும். இரண்டாவது முறை டேப் தட்டினால் பட்டியலைக் காட்டும். பட்டியல் 100-க்கு மேல் போனால், எல்லாவற்றையும் காட்டட்டுமா என்று கேட்கும். வீட்டு அடைவில் உள்ள 'இன்புட்ஆர்சி' கோப்பில் ஓரிரு வரி எழுதினால் முதல் தட்டிலேயே பட்டியல் வரவும், பெரிய எழுத்து சிறிய எழுத்து பார்க்காமல் பொருத்தவும் செய்யலாம்.

பொதுவான பகுதி என்பதில் நமக்கொரு தனி அக்கறை உண்டு. 'கடிதம்', 'கடை' என்று இரண்டு கோப்புகள் இருக்கின்றன என்று வையுங்கள். யுடிஎஃப்-8 முறையில் தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். 'கட' வரை இரண்டுக்கும் பொது. அடுத்து வருவது ஒன்றில் இகரக் குறி, மற்றதில் ஐகாரக் குறி. ஆனால் அந்த இரண்டு குறிகளுக்கும் முதல் பைட் ஒன்றே. பைட் பைட்டாக ஒப்பிடும் நிரல் அந்த முதல் பைட்டையும் பொதுவானது என்று சேர்த்துவிட்டு, எந்த எழுத்தும் ஆகாத ஒரு துணுக்கை வரியின் முடிவில் ஒட்டிவைக்கும். 2002-ல் வந்த ரீட்லைன் 4.3 பல பைட் எழுத்துகளைப் புரிந்துகொள்ளத் தொடங்கியது. தமிழில் கோப்புக்குப் பெயர் வைத்து டேப் தட்டும் எவரும் அந்த வேலைக்கு நன்றி சொல்லலாம்.

இத்தனைக்குப் பிறகும் ஷெல்லுக்குத் தெரிந்தவை சில பெயர்கள் மட்டும்: கோப்பு, கட்டளை, மாறி, பயனர், கணினி. செயல்முறையை நிறுத்தும் 'கில்' கட்டளைக்குப் பின்னால் டேப் தட்டினால் கோப்புப் பெயர்களைக் காட்டும். அங்கே வேண்டியதோ செயல்முறை எண். இந்தக் குறையைத் தீர்க்க, ஒவ்வொரு கட்டளைக்கும் என்ன வேண்டும் என்று யாராவது ஷெல்லுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். டிசிஷெல்லும், ஸெட்ஷெல் என்ற இன்னொரு ஷெல்லும் 1990-களிலேயே அதற்கு இடம் தந்தன. பாஷில் அது 2000-ல் 2.04 பதிப்போடு வந்தது. 'கம்ப்ளீட்', 'காம்ப்ஜென்' என்ற இரண்டு உள்கட்டளைகள்.

இயங்கும் விதம் எளிது. 'கம்ப்ளீட்' கட்டளையோடு ஒரு சொற்பட்டியலைக் கொடுத்து, இன்ன நிரலுக்கு இந்தச் சொற்கள் என்று பதிந்துவிடலாம். உங்கள் சொந்த நிரலுக்குத் 'தொடங்கு', 'நிறுத்து', 'நிலை' என்ற மூன்று துணைக்கட்டளைகள்தான் என்றால் ஷெல்லின் தொடக்கக் கோப்பில் ஒரே வரி போதும். சொற்கள் நேரத்துக்கு நேரம் மாறுபவை என்றால் பட்டியலுக்குப் பதிலாக ஒரு செயல்கூற்றின் பெயரைப் பதிய வேண்டும். டேப் தட்டியதும் பாஷ் அந்தச் செயல்கூற்றை அழைத்து, அதுவரை அடித்த சொற்களின் வரிசையையும், சுட்டி எத்தனையாவது சொல்லில் நிற்கிறது என்ற எண்ணையும் கொடுக்கும். செயல்கூறு எதை வேண்டுமானாலும் செய்து விடைகளைத் தேடலாம்: கோப்பைப் படிக்கலாம், இன்னொரு நிரலை ஓட்டலாம். கண்டெடுத்த விடைகளைக் 'காம்ப்ரிப்ளை' என்ற வரிசையில் போட்டுவிட்டால் மீதியைப் பாஷ் பார்த்துக்கொள்ளும்.

கதவு திறந்தது. உள்ளே வைக்கப் பண்டம் வேண்டுமே? அதைத் தொடங்கியவர் இயன் மெக்டொனால்ட். 2000-ம் ஆண்டு முதல், கட்டளை கட்டளையாக எடுத்து, அதற்கு எந்த இடத்தில் என்ன வரலாம் என்று ஆராய்ந்து, செயல்கூறுகளாக எழுதிச் சேர்த்தார். மற்றவர்களும் சேர்ந்தார்கள். அந்தத் தொகுப்புதான் பாஷ்-கம்ப்ளீஷன். இன்று நாம் பொதியாக நிறுவுவது இதைத்தான்.

அதற்குள் நுழைந்து பார்த்தால் மலைப்பாக இருக்கும். 'கில்' என்றால் ஓடும் செயல்முறைகளின் எண்கள். 'மேன்' என்றால் கையேட்டுப் பக்கங்களின் பெயர்கள். 'மேக்' என்றால் மேக்ஃபைலைப் படித்து அதில் உள்ள இலக்குகள். 'டார்' என்றால் பொதிந்த கோப்புக்குள் எட்டிப் பார்த்து உள்ளே இருக்கும் பெயர்கள். தொலைக்கணினிக்கு நகலெடுக்கும் 'எஸ்சிபி' என்றால், கடவுச்சொல் கேட்காமல் உள்ளே போக வழி இருந்தால், அங்கே போய் அந்தக் கணினியின் அடைவையே பட்டியலிட்டு வந்து காட்டும். 'எஸ்எஸ்ஹெச்' கட்டளைக்குக் கணினிப் பெயர்களை, நீங்கள் முன்பு தொடர்புகொண்ட கணினிகளின் பதிவேட்டிலிருந்து எடுத்தார்கள். 2005-ல் ஓப்பன்எஸ்எஸ்ஹெச் அந்தப் பெயர்களைப் பிறர் படிக்க முடியாதபடி மறைத்து வைக்க வழி செய்தது. ஊடுருவியவர் கையில் அடுத்த இலக்குகளின் பட்டியல் கிடைத்துவிடக் கூடாது என்ற நியாயமான காரணம். அந்த மறைப்பு இருக்கும் கணினியில் அதுவரை ஓடிவந்த பெயர்கள் டேப்புக்கு வராமல் போயின.

தொகுப்பு வளர வளர இன்னொரு தொல்லை. எல்லாம் ஒரே பெரிய கோப்பாக இருந்தது. ஒவ்வொரு முறை முனையத்தைத் திறக்கும்போதும் பாஷ் அதை முழுவதும் படிக்க வேண்டும். நாள் முழுவதும் பத்துக் கட்டளைகளைப் பயன்படுத்துபவருக்காக நூற்றுக்கணக்கான கட்டளைகளின் இலக்கணத்தை ஏற்றிக்கொண்டு திறக்கும் முனையம் மெதுவாகத்தான் திறக்கும். தீர்வுக்குப் பாஷே இடம் கொடுத்தது. 4.1 பதிப்பில், எதுவும் பதியப்படாத கட்டளைக்கு என்று ஒரு பொதுச் செயல்கூற்றை வைக்க முடிந்தது. அது உரிய கோப்பைத் தேடி ஏற்றிவிட்டு 124 என்ற எண்ணைத் திருப்பினால், 'இப்போது கற்றுக்கொண்டேன், மறுபடி கேள்' என்று பொருள். பாஷ் மறுபடி கேட்கும். 2012-ல் வந்த பாஷ்-கம்ப்ளீஷன் 2.0 இதைப் பயன்படுத்தி, கட்டளைக்கு ஒரு கோப்பாகப் பிரித்து, தேவைப்படும்போது மட்டும் ஏற்றும் முறைக்கு மாறியது. உங்கள் கணினியில் அந்தப் பொதியின் அடைவைத் திறந்தால் கட்டளைப் பெயர்களிலேயே கோப்புகள் வரிசையாக இருப்பது இதனால்தான். சொந்தமாக எழுதுபவர்கள் தம் வீட்டு அடைவில் அதற்குரிய இடத்தில் நிரலின் பெயரிலேயே கோப்பை வைத்தால் போதும், தொடக்கக் கோப்பைத் தொட வேண்டாம்.

இந்த முயற்சியின் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் அதன் அடிப்படையில் ஒரு வலி இருக்கிறது. நிரலை எழுதியவர் ஒருவர், அதன் இலக்கணத்தை ஷெல்லுக்குச் சொல்பவர் வேறொருவர். நிரலில் ஒரு புதிய விருப்பத்தேர்வு சேர்ந்தால் இங்கேயும் யாராவது கவனித்துச் சேர்க்க வேண்டும். கவனிக்காவிட்டால் டேப் பழையதையே சொல்லும். டாப்ஸ்-20 காலத்தில் நிரலே வாய்திறந்து சொன்னதை, இங்கே வெளியாட்கள் பார்த்துப் பார்த்து எழுத வேண்டியிருக்கிறது.

நிரலே பேசும் அந்தப் பழைய ஏற்பாட்டுக்குத் திரும்பும் பாதையின் தடம், பதிப்புக் கட்டுப்பாட்டு நிரலான கிட்டில் தெளிவாகத் தெரிகிறது. ஷான் பியர்ஸ் 2006-ல் கிட்டுக்கான பாஷ் நிறைவுக் கோப்பை எழுதினார். கிளைப் பெயர்களைக் கிட்டிடமே கேட்டு வாங்கியது அது. ஆனால் ஒவ்வொரு துணைக்கட்டளையின் விருப்பத்தேர்வுகளும் கையால் எழுதப்பட்டவை. 2018-ல் கிட் நிரலுக்குள்ளேயே மறைவான ஒரு விருப்பத்தேர்வைச் சேர்த்தார்கள். அதைக் கொடுத்துப் பெரும்பாலான துணைக்கட்டளைகளை அழைத்தால், தாம் ஏற்கும் விருப்பத்தேர்வுகளை அவையே பட்டியலிட்டுவிடும். கையால் எழுதிய பல வரிகள் தேவையற்றுப் போயின. கோ மொழியில் கட்டளை நிரல் எழுதப் பலரும் பயன்படுத்தும் கோப்ரா நூலகம் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. அதில் எழுதிய நிரலிடம் 'கம்ப்ளீஷன் பாஷ்' என்று கேட்டால் ஷெல்லில் ஏற்ற வேண்டிய வரிகளை அதுவே அச்சிட்டுத் தரும். குபெர்னெட்டிஸ் கொத்துகளை மேலாளும் 'குப்சிடிஎல்' நிரலுக்கு டேப்பை அமைக்கக் கையேடு சொல்லும் ஒற்றை வரி இதுதான். அந்த வரிகள் பெரும்பாலும் வெறும் தூதுவர்கள். டேப் தட்டும்போதெல்லாம், அதுவரை அடித்த வரியை எடுத்துக்கொண்டு போய் நிரலிடமே கொடுத்து, அடுத்து என்ன வரலாம் என்று கேட்டு வருகின்றன.

ஆக, நிரல் மறுபடி பேசத் தொடங்கிவிட்டது. குறை என்னவென்றால், எல்லா நிரலும் ஒரே முறையில் பேசுவதில்லை. கோ நூலகத்துக்கு ஒரு முறை, பைத்தான் நூலகத்துக்கு வேறு முறை, கிட்டுக்கு அதற்கென்று ஒரு முறை. எல்லோரும் ஒப்புக்கொண்ட பொது ஏற்பாடு யூனிக்ஸ் உலகத்தில் இன்னும் வரவில்லை.

நிரல் பேசாவிட்டால் அதன் கையேட்டையாவது படித்துத் தெரிந்துகொள்வோம் என்று முடிவெடுத்த ஒரு ஷெல் இருக்கிறது. ஆக்செல் லில்யென்க்ரான்ட்ஸ் 2005-ல் வெளியிட்ட ஃபிஷ். 1990-ல் பிரின்ஸ்டன் மாணவர் பால் ஃபால்ஸ்டட் எழுதிய ஸெட்ஷெல்லோ, இந்த வேலைக்கென்று தனக்குள்ளேயே ஒரு குட்டி மொழியை வளர்த்துக்கொண்டது. அந்த இரண்டின் கதை அடுத்த பகுதியில்.